மைனர் சர்வீஸ், மேஜர் சர்வீஸ்: என் காருக்கு இப்போது எது வேண்டும்?

மதுரையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 2018 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். ஓடோமீட்டர் 52,000 கிலோமீட்டர் காட்டுகிறது. பழைய சர்வீஸ் பில் எதுவும் கைக்கு வரவில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் மேஜர் சர்வீஸ் என்று 16,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுப் பக்கத்து மெக்கானிக், "ஆயில் மாத்தினா போதும், 4,000க்குள்ள முடிச்சிடலாம்" என்கிறார். மாமனாரோ, "வண்டி நல்லாத்தானே ஓடுது மாப்ள, ஒரு வாட்டர் வாஷ் விட்டுட்டு ஓட்டுங்க" என்கிறார். மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போகும் திட்டம் வேறு. மூவரில் யார் சொல்வது சரி என்பது அவர் கேள்வி.

மேலோட்டமாகப் பார்த்தால் யாரை நம்புவது என்ற கேள்வி. ஆனால் அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு: மைனர், மேஜர், ஜெனரல் என்ற பெயர்களுக்குள் என்னென்ன வேலை அடங்கியிருக்கிறது, அதில் எது தன் வண்டிக்கு இப்போது தேவை என்பதை ஒரு சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது? பல வருடம் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் பிரிவில் இருந்துவிட்டு இப்போது சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். இந்த வேலையில்தான் எனக்கு வருமானம் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்று. மைனர், மேஜர் என்ற பெயர்களுக்கு எல்லோருக்கும் பொதுவான அர்த்தம் கிடையாது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றினாலே ஜெனரல் சர்வீஸ். இன்னொரு இடத்தில் அதோடு ஸ்பார்க் பிளக்கும் ஏர் ஃபில்டரும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். அதனால் பெயரை விட்டுவிட்டு, எஸ்டிமேட்டில் வேலை வேலையாக எழுதியிருக்கும் வரிகளைப் பாருங்கள். டேஷ்போர்டு டிராயரில் கிடக்கும் ஓனர்ஸ் மேனுவலில், கடைசிப் பக்கங்களில், ஒரு அட்டவணை இருக்கும். இடது பக்கம் பாகங்களின் பெயர், மேலே கிலோமீட்டரும் மாதமும், கட்டங்களுக்குள் 'ஐ' அல்லது 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து. 'ஐ' என்றால் பார்த்துச் சரிசெய்வது, 'ஆர்' என்றால் மாற்றுவது. மேனுவல் தொலைந்திருந்தால் பெரும்பாலான கம்பெனிகளின் இணையதளத்திலேயே கிடைக்கும். உங்கள் வண்டியை வடிவமைத்தவர்கள் எழுதிய பட்டியல் அது. எந்த எஸ்டிமேட்டையும் அதன் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

பராமரிப்பின் முதல் நிலை ஒர்க்‌ஷாப்பிலேயே இல்லை, உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. வாரம் ஒருமுறை முடியாவிட்டால் மாதம் இரண்டு முறையாவது ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், சமதளத்தில் நிற்கும்போது, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுசாகச் சொருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நின்றால் சரி. பல சின்ன கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு லிட்டர். மொத்தமே மூன்று, மூன்றரை லிட்டர் பிடிக்கிற என்ஜினில் ஒரு லிட்டர் குறைவது பெரிய விஷயம். ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அழுக்கைத் தன்னுள் பிடித்து வைப்பதும் அதன் வேலைதான். டிப்ஸ்டிக்கில் பால் கலந்த டீ போல வெளுத்து நுரைத்து வந்தால்தான் உடனே ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும், ஆயிலில் தண்ணீரோ, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டோ கலக்கிறது. இன்னொன்று, டேஷ்போர்டில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு காட்டுவது ஆயிலின் பிரஷரை. ஓடும்போது அது எரிந்தால் ஓரம்கட்டி உடனே ஆஃப் செய்துவிடுங்கள். அடுத்த பங்க் வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்து என்ஜினையே இழந்தவர்கள் நிறையப் பேர்.

கூலன்ட்டை என்ஜின் ஆறியிருக்கும்போது பக்கத்தில் இருக்கும் வெள்ளை டேங்கில் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கையே வைக்காதீர்கள். பிரேக் ஆயில் டேங்கிலும் இரண்டு குறி உண்டு. அங்கே அளவு குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடுவது தவறு. பிரேக் பேட் தேயத் தேய அளவு தானாகக் கீழே இறங்கும். அதனால் முதலில் பேடைப் பார்க்க வேண்டும். பேட் நன்றாக இருந்தும் குறைந்தால் எங்கேயோ கசிகிறது. டயர் காற்று, டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, டயர் சூடாகும் முன் பிடிக்க வேண்டும். பஞ்சர் கடைக்காரர் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு வைப்பார், நீங்கள்தான் எண்ணைச் சொல்ல வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் நிலைதான் பலரும் மைனர் அல்லது ஆயில் சர்வீஸ் என்று சொல்வது. இங்கே ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது. இந்த 'எது முதலில்' என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். "வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர்தான் ஓடுது, எதுக்கு ஆயில் மாத்தணும்" என்ற கேள்வி என் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி வரும். குறைவாக ஓடும் வண்டிதான் பெரும்பாலும் மூன்று, நாலு கிலோமீட்டர் ஓடி நின்றுவிடுகிறது. என்ஜின் முழுசாகச் சூடேறுவதில்லை. அதனால் உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் ஆயிலில் தங்கிவிடும். ஹைவேயில் 10,000 ஓடிய ஆயிலை விட ஊருக்குள் 4,000 ஓடிய ஆயில் மோசமாக இருக்க முடியும். மேனுவலிலேயே கடுமையான பயன்பாடு என்று தனியாக ஒரு பகுதி இருக்கும்: குறுகிய ஓட்டம், டிராஃபிக்கில் நின்று நின்று போவது, புழுதி. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிற பலரும் அந்தப் பகுதிக்குள் வருகிறவர்கள்தான்.

இந்தச் சர்வீஸில் ஆயில், ஆயில் ஃபில்டர், ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட்டின் வாஷர் மூன்றும் கட்டாயம் மாற வேண்டும். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, டயர்களை இடம் மாற்றி, கீழே போய் ரப்பர் பூட், புஷ், கசிவு எல்லாம் பார்க்க வேண்டும். பில்லில் எத்தனை லிட்டர் ஆயில் என்று போட்டிருக்கிறது, மேனுவலில் எத்தனை என்று ஒப்பிடுங்கள்.

ஆனால் இந்த நிலையின் உயிர் ஆயிலில் இல்லை, பிரேக்கைக் கழற்றிப் பார்ப்பதில் இருக்கிறது. முன் சக்கரத்தில் டிஸ்க்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேட். சக்கரத்தின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தால் வெளிப்பக்கப் பேட் மட்டும்தான் தெரியும். அதைப் பார்த்து "இன்னும் பாதி இருக்கு" என்று எழுதிவிடுவார்கள். பேடுகளை டிஸ்க்கில் அழுத்துவது காலிப்பர். அது நகர்ந்து கொடுக்கும் பின்னில் கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டால் உள்பக்கப் பேட் மட்டும் விடாமல் உரசி, வெளிப்பக்கம் ஆறு, ஏழு மில்லிமீட்டர் இருக்கும்போதே உள்ளே இரும்பு வரைக்கும் தேய்ந்துவிடும். அப்புறம் பேடோடு டிஸ்க்கும் போகும். சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரைத் தூக்கி, இரண்டு பேடையும் கையில் எடுத்து, பின்னைத் துடைத்து அதற்குரிய கிரீஸ் வைத்து மாட்டுவதுதான் பிரேக் சர்வீஸ். பின்னால் டிஸ்க்குக்குப் பதில் டிரம் பிரேக் இருந்தால் அதையும் கழற்றித் தூசியைத் துடைத்து, வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பேட் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று, செய்த வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். புதுப் பேட் சுமார் பத்து மில்லிமீட்டர் இருக்கும், மூன்றுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. எண் எழுதிக் கொடுக்கிற இடத்தில் கழற்றித்தான் பார்த்திருக்கிறார்கள் என்று ஓரளவு நம்பலாம்.

மூன்றாம் நிலை மேஜர். அட்டவணையில் 20,000, 40,000, 60,000 என்று வரும் சில கட்டங்களில் 'ஆர்' அதிகமாக இருக்கும், அவ்வளவுதான். ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக், கூலன்ட், டீசலாக இருந்தால் டீசல் ஃபில்டர் எல்லாம் இங்கே வரும். எந்தப் பாகம் எந்தக் கட்டத்தில் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சாதாரண பிளக்கை 40,000 அளவில் மாற்றச் சொல்வார்கள், இரிடியம் பிளக் ஒரு லட்சம் வரை கூடப் போகும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று கழற்றிப் பார்க்காமல் விலை சொல்ல முடியாது.

பிரேக் ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கொடைக்கானல் போகிறீர்கள் என்பதால். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 140க்கு வந்துவிடலாம் என்பது அந்தத் தரத்தின் கணக்கு. டாட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. மலை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு எளிதாக வரும். உள்ளே ஆயில் கொதித்து ஆவி உண்டானால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கிருந்து வத்தலக்குண்டு வரை இறங்கும் பாதையைப் பழைய பிரேக் ஆயிலோடு யாரையும் அனுப்ப எனக்கு மனசு வராது. பெரும்பாலான மேனுவல்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கின்றன. பெரிய செலவு வைக்கும் வேலையும் இல்லை. ஊருக்குள் ஓட்டும்போது பழைய ஆயிலிலும் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்பதாலேயே இது தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது.

பெல்ட் விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. வெளியே ஆல்டர்னேட்டரையும் ஏசியையும் சுற்றும் பெல்ட் வேறு, என்ஜினுக்குள் வால்வை இயக்கும் டைமிங் பெல்ட் வேறு. வெளிப் பெல்ட் அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஏறாது, சில வண்டிகளில் என்ஜினும் சூடாகும். பல என்ஜின்களில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினையே பிரிக்க வேண்டிவரும். மாருதியின் கே சீரிஸ், ஹூண்டாயின் 1.2 கப்பா போன்ற பெட்ரோல் என்ஜின்களில் பெல்ட் இல்லை, செயின்தான். அதற்குக் கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்றும் வேலை கிடையாது. ரெனோ டஸ்டரின் 1.5 டீசல் போன்றவற்றில் பெல்ட் உண்டு. மேனுவல் சொல்லும் கெடுவைத் தாண்டவே கூடாது. நீங்கள் எந்த கார் என்று எழுதவில்லை. அதனால் இதை நீங்களே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் வெளியே, தேய்மானத்தைப் பார்த்து மட்டும் செய்யும் வேலைகள் இருக்கின்றன: டயர், பேட்டரி, கிளட்ச், சஸ்பென்ஷன். டயரின் பள்ளங்களுக்குள் சின்ன மேடு இருக்கும், அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அதோடு சமமாகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். மழைக்காலத்தில் அதற்கும் முன்னாடியே. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டு 23ஆவது வாரம் தயாரானது. செகண்ட் ஹேண்ட் வண்டியில் பள்ளம் ஆழமாக இருந்தும் டயர் கிழடாகி வெடிப்பு விட்டிருப்பது சகஜம். பேட்டரி நம் வெயிலில் மூன்றிலிருந்து ஐந்து வருடம் தாங்கினால் நல்லது.

சரி, எஸ்டிமேட்டில் அட்டவணைக்கு வெளியே இருந்து வரும் வரிகள். இதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. ஒழுங்காக ஆயில் மாற்றி வந்த என்ஜினுக்கு, உள்ளே மருந்து ஊற்றிக் கழுவும் என்ஜின் ஃப்ளஷ் தேவையில்லை. ஏசி கேஸ் வருடா வருடம் நிரப்ப வேண்டிய பொருள் இல்லை, அது மூடிய சுற்று. குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் போடுவது காசைக் காற்றில் விடுவது. டீகார்பனைசிங், அதாவது என்ஜினுக்குள் படிந்த கரியை எடுப்பது பற்றி: நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் என்ஜின்களில் இன்டேக் வால்வின் மேல் கரி படிவது உண்மையான பிரச்சினை. ஆனால் நம் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் வால்வின் மேல் பட்டுத்தான் உள்ளே போகிறது, அதுவே கழுவிவிடும். பிக்கப் குறைவு, ஐடிலில் நடுக்கம் என்று புகார் எதுவும் இல்லாத வண்டிக்கு அந்த வரியை அடித்துவிடலாம். வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை மட்டும் மாற்றிவிடுங்கள். பல கார்களில் டேஷ்போர்டு டிராயரைக் கழற்றினால் நீங்களே மாற்றலாம். எலிக் கூடும் இலைச் சருகும் அங்கிருந்துதான் அதிகம் எடுத்திருக்கிறேன்.

சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் இந்தப் பட்டியலில் சேராது. டயர் இடம் மாற்றும்போது ஒருமுறை செய்து கொள்வதில் நியாயம் இருக்கிறது. வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தாலோ கட்டாயம்.

தொழிலில் இருப்பவர்களே ஒத்துப்போகாத விஷயங்களும் உண்டு. கையால் கியர் மாற்றும் வண்டிகளின் கியர் பாக்ஸ் ஆயிலைச் சில கம்பெனிகள் மாற்றவே சொல்வதில்லை, சில ஒரு கெடு வைக்கின்றன. 80,000 தாண்டினால் ஒரு தடவை மாற்றுவது நல்லது என்பது என் பழக்கம். மாற்றாமலே இரண்டு லட்சம் ஓடிய வண்டிகளும் இருக்கின்றன. ஃபுல்லி சிந்தெடிக் ஆயில் தேவையா என்று கேட்டால், மேனுவலில் சொன்ன கிரேடும் தரமும் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு மேல் செலவழிப்பதால் ஊருக்குள் ஓடும் சின்ன காருக்கு எவ்வளவு ஆதாயம் என்பதை என்னால் அடித்துச் சொல்ல முடியாது. கூலன்ட்டில் ஒன்று மட்டும் உறுதி: சிவப்பு, பச்சை, நீலம் என்ற நிறம் தரத்தின் அடையாளம் இல்லை. கலக்காதீர்கள், போர் தண்ணீரும் ஊற்றாதீர்கள். உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும்.

இனி உங்கள் வண்டிக்கு வருகிறேன். பார்க்காமல் சொல்வதால் இதில் பேட், டயர், பேட்டரி பற்றிய முடிவு எதுவும் இருக்காது. அதைக் கழற்றிப் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். மாமனார் சொல்வதை ஏற்க முடியாது. நன்றாக ஓடுவது என்பது என்ஜினைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது. மெக்கானிக் சொல்வது, வண்டிக்குப் பழைய பில் இருந்திருந்தால் சரியாக இருந்திருக்கும். உங்களிடம் பில் இல்லை. முதலில் வண்டி எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஹிஸ்டரி கேளுங்கள், அவர்கள் நெட்வொர்க்கில் செய்த வேலைகள் பொதுவாக கம்ப்யூட்டரில் இருக்கும். 40,000 கட்டத்து வேலைகள் அதில் இருந்தால் இப்போது ஆயில் சர்வீஸோடு முழுப் பிரேக் சர்வீஸ் செய்தால் போதும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எதுவுமே செய்யவில்லை என்று வைத்துக்கொண்டு என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றி, பிளக்கைக் கழற்றிப் பார்த்து, தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வைத்துவிடுங்கள். அதற்கப்புறம் அட்டவணைப்படி போகலாம். இந்த வேலைகளை மேனுவல் சொல்லும் ஆயிலும் ஒரிஜினல் ஃபில்டரும் போட்டு உங்கள் மெக்கானிக்கே செய்யலாம். வாரண்டி முடிந்த வண்டிக்கு கம்பெனி சென்டர் கட்டாயம் இல்லை. 16,000 எஸ்டிமேட்டில் இந்த வரிகள் தவிர வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள், வித்தியாசம் எங்கே என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கொடைக்கானல் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னாடியே சர்வீஸை முடித்துவிடுங்கள். புதிதாகக் கழற்றி மாட்டிய இடத்தில் கசிவோ சத்தமோ இருந்தால் ஊரிலேயே தெரிந்துவிடும். இறக்கத்தில் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில், பெரும்பாலும் இரண்டாவதில், இறங்குங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். வேலைக்கு விடும்போது கழற்றிய பழைய பாகங்களை டிக்கியில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். காரின் பெயரையும், எஸ்டிமேட்டின் வரிகளையும், பேட் கனத்தையும் கீழே எழுதினால் எதை வைத்துக்கொள்ளலாம், எதை அடித்துவிடலாம் என்று வரிவரியாகச் சொல்கிறேன்.